கொப்பளித்துத் துப்பச் சொன்னதைக் குடிக்காதீர்கள்

குரலுக்கு நல்லது என்று நாட்டு மருந்தைக் காய்ச்சிக் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், இந்தக் கச்சேரி சீசனில் இது மூன்றாவது கேஸ். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அம்மா, வயது 63. இரண்டு நாளாகக் கால் துவள்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பக்கவாதமோ என்று இருவருக்கும் பயம். பி.பி. 180/100. இத்தனைக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. தசையும் இதயமும் இயங்கத் தேவையான பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் 2.3. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். ஈசிஜியும் சரியில்லை. அன்றே அட்மிட் செய்தோம்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?" மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "இல்லை டாக்டர்." மடியில் ஒரு ஃப்ளாஸ்க் இருந்தது. வாங்கித் திறந்தேன். மஞ்சள் நிறக் கஷாயம், தித்திப்பு வாசனை, அடியில் நார் நாராக வேர். அதிமதுரம். நவம்பரிலிருந்து தினமும் ஒரு ஃப்ளாஸ்க், குரலுக்காக. "அது மருந்தில்லையே டாக்டர், டீ மாதிரிதானே?" என்றார்.

மகன் போனை நீட்டினார். 'அதிமதுரம் தொண்டைக்கு நல்லது, ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. எனக்கு ஆற்றாமையாக இருப்பதே இங்குதான். அந்த ஆராய்ச்சி பொய்யில்லை. 2009-ல் லக்னோ டாக்டர்கள் செய்தார்கள். 2013-ல் வியன்னாவில் 236 நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் விடுவோம். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் தொண்டை எரியும். அதைக் குறைக்க, அரை கிராம் அதிமதுரத்தை 30 மில்லி தண்ணீரில் கலந்து, ஆபரேஷனுக்கு முன்னால் கொப்பளிக்க வைத்தார்கள். தொண்டை வலி குறைந்தது. ஒரே ஒரு தடவை, அதுவும் கொப்பளிக்க. இந்த அம்மா மூன்று மாதம் குடித்திருக்கிறார். 'தொண்டைக்கு நல்லது' என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஊர் சுற்றுகிறது. எவ்வளவு, எத்தனை நாள், குடிக்கவா துப்பவா என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

தினமும் குடித்தால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1946-லேயே நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற டாக்டர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்தார். புண் ஆறியது. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின. 2024-ல் ஸ்வீடனில் 28 இளைஞர்களுக்கு அதன் சத்தான கிளிசிரைசினை நாளுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில், நோயே இல்லாத அவர்களுக்கு பி.பி. சராசரியாக 3 புள்ளி ஏறியது. 2020-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர், அதிமதுர மிட்டாயைச் சில வாரம் பை பையாகச் சாப்பிட்டு, பொட்டாசியம் இறங்கி இதயம் நின்று இறந்தே போனார். கடையில் வாங்கும் வேரில் இந்தச் சத்து சரக்குக்குச் சரக்கு மாறும். உங்கள் ஃப்ளாஸ்கில் எவ்வளவு இறங்கியது என்று என்னாலும் சொல்ல முடியாது. இந்த அம்மாவின் பி.பி. மாத்திரையோ நீர் பிரிய வைக்கும் வகை. அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும்.

கிரீன் டீயும் இதே கதைதான். டீயாகப் போட்டுக் குடிப்பவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. உடல் இளைக்க அதன் சாரத்தைக் கேப்சூலாக விழுங்குகிறவர்களுக்குத்தான் கல்லீரல் கெடுகிறது. அந்தச் சாரத்தில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் என்சைம்கள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. மஞ்சளும் அப்படியே. குழம்பில் போடுவது வேறு, மிளகுச் சத்து சேர்த்து உடலில் அதிகம் ஏறும்படி செய்த கேப்சூல் வேறு.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிராக எழுதவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போனால் அளவும் நாள் கணக்கும் சொல்லித்தான் கொடுப்பார். தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது, போய்க் கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் நாமே ஐம்பது கிராம் கட்டச் சொல்லி வாங்கிக் காய்ச்சுவது வைத்தியம் ஆகாது.

பி.பி., சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரம் குடிக்கவே வேண்டாம். மற்றவர்களும் தினசரிப் பழக்கமாக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகைக் கேப்சூலையும் கேட்காமல் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள், டீயோடு வேண்டாம். கால் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ, ஒரு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களுக்கும் ஒன்று. 'வேறு மருந்து உண்டா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 'காலையில் எழுந்ததும் என்ன குடிக்கிறீர்கள்' என்று கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏற்றி ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். பி.பி. இறங்க இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. ரிவ்யூவுக்கு வந்தபோது, "அப்போ அடுத்த சீசனுக்கு என்னதான் பண்றது?" என்று கேட்டார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கச்சேரிக்கு நடுவில் இரண்டு நாளாவது குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். ஃப்ளாஸ்கில் இப்போது வெறும் வெந்நீர்தான் என்று திறந்து காட்டினார்.