டோன் சரியில்லையா? பிக்கப்பை அப்புறம் மாற்றலாம்

கிட்டார் செட்டப் செய்யும் என் மேசைக்கு ஒரு தம்பி வந்தார். கையில் எலெக்ட்ரிக் கிட்டார், கூடவே சீல் பிரிக்காத புது பிக்கப் பெட்டி. ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவிதான் பிக்கப். "அண்ணா, கார்டு அடிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது. இதை மாட்டிக் கொடுங்க" என்றார்.

வாசிக்கச் சொன்னேன். ஓப்பன் ஸ்ட்ரிங் ஆறும் ட்யூனரில் சரியாக நின்றன. கார்டு (பல ஸ்ட்ரிங் சேர்ந்த ஸ்வரக்கூட்டு) பிடித்ததும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மேலே ஏறின. தடித்த 12 கேஜ் ஸ்ட்ரிங் போட்ட அக்கூஸ்டிக்கில் பழகிய கை. அதே அழுத்தத்தை மெல்லிய 9 கேஜில் கொடுத்தால், கழுத்தில் (நெக்) பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டைத் தொட்ட பிறகும் ஸ்ட்ரிங் மரத்தை நோக்கி அமுங்கும். இழுவை கூடும், சுருதி ஏறும். எந்தப் பிக்கப்பும் இதைச் சரிசெய்யாது. நல்ல பிக்கப் என்றால் தப்பு இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஸ்ட்ரிங் துருப்பிடித்திருந்தது. நெக் பிக்கப் ஸ்ட்ரிங்கை உரசாத குறையாக நின்றது. காந்தம் அவ்வளவு அருகில் இருந்தால் தடித்த ஸ்ட்ரிங்குகளில் சுருதி அலையும். புது ஸ்ட்ரிங் போட்டு, இன்டொனேஷன் (கழுத்து நெடுக சுருதி ஒத்திருக்கிறதா என்று) பார்த்து, பிக்கப்பைத் திருகி இறக்கினேன். அப்புறம் மெதுவாக அழுத்தச் சொன்னேன். பிக் (மீட்டும் வில்லை) பிடித்த கையையும், ஸ்ட்ரிங் உடலில் முடியும் பிரிட்ஜிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னேன். பிரிட்ஜ் ஓரம் மீட்டினால் ஒலி கூராக வரும், நெக் பக்கம் நகர்ந்தால் உருண்டு வரும். காசு கேட்காத டோன் கன்ட்ரோல் இது. பிக்கப் பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது.

அதற்காக "எல்லாம் விரல்லதான் இருக்கு" என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை, ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸரில் சொருகி வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தேர்ந்த கையானாலும் அங்கே குளவிக்கூடுதான் கேட்கும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெகுவாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பு வடிவது அங்கேதான். ஆம்ப் இல்லையென்றால் நடுவில், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் ஒரு கேபினெட் சிமுலேட்டராவது வேண்டும். இந்த வேலையை விரல் செய்யாது.

குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963-இல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே தன் கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். அதன் நெக், பழைய கணப்பு மேடையின் மரம். பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம். இதைச் சொல்லி "பாத்தீங்களா, கருவியா முக்கியம்?" என்று கேட்பவர்கள், பின்னால் நின்ற, உயர் ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் ட்ரெபிள் பூஸ்டரையும் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் முதல் காசு ஸ்ட்ரிங்குக்கும் செட்டப்புக்கும், அடுத்தது ஸ்பீக்கருக்கு. பிக்கப் எல்லாம் கடைசியில். ஆம்ப்பை மாற்றாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினாலே பல நேரம் போதும். ஆனால் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் என்றால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம்.