பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

சிறுநீரக மருத்துவராக நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலும், மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் கேட்கிறார்கள். கால் வீக்கமும் மூச்சிரைப்புமாக வருவார்கள். ரத்த அழுத்தம் 190/110 இருக்கும், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) எகிறியிருக்கும். விசாரித்தால், "முன்னாடி பிரஷர் இருந்துச்சு டாக்டர். மாத்திரையில நார்மல் ஆயிடுச்சு. தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்னு சொன்னாங்க, விட்டுட்டேன்" என்பார்கள்.

அந்த நார்மல், மாத்திரை வேலை செய்ததால் வந்தது. நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ அழுத்தம் பழையபடி ஏறிவிடும். ஏறியது உடம்புக்குத் தெரியாது. தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 180-ஐத் தாண்டியும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுபவர்கள் நிறைய.

சரி, கிட்னியைக் கெடுப்பது எது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, வடிகட்டி தழும்பாகிவிடும். அழிந்த வடிகட்டி மறுபடி உருவாகாது. மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அதனால் கிரியேட்டினின் ஏறித் தெரியும் நேரத்தில் ஏறக்குறைய பாதித் திறன் போயிருக்கலாம். பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கும்.

பலருக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். பிரஷர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனையோடு இதையும் பார்த்துவிட வேண்டும். எனலாபிரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் அழுத்தத்தோடு இந்தக் கசிவையும் குறைப்பவை, அதாவது சிறுநீரகத்தைக் காப்பவை. தொடங்கிய புதிதில் கிரியேட்டினின் சற்று ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறுவது பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம்.

உண்மையில் பயப்பட வேண்டியது, மூட்டுவலிக்கு நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளுக்கு. இவை அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். பிரஷர் மாத்திரையைச் சந்தேகப்பட்டு விட்டுவிட்டு, வலி மாத்திரையை நம்பிச் சாப்பிடுபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கூடுதல் அழுத்தத்திலிருந்து மற்ற உறுப்புகளும் தப்புவதில்லை. இதயச் சுவர் முதலில் தடிக்கும், பிறகு தளரும். மூளையில் குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் பக்கவாதம். வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் சேர்ந்து ஞாபகசக்தியையும் கெடுக்கும். விழித்திரையிலும் பாதிப்பு வரும்.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186/108. அன்றைக்கு அதைப் பாதுகாப்பாகக் குறைக்க நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். அப்போது பதிவானது 300/190. அவருக்குக் கிடைக்காத மருந்து இன்று சாதாரண மருந்துக் கடையில் இருக்கிறது. மேல் அளவை 10 குறைத்தாலே பக்கவாத ஆபத்து கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது.

பக்க விளைவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று உண்டு. குளோனிடின், சில பீட்டா பிளாக்கர்கள் ஆகிய பிரஷர் மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, அழுத்தம் தாவி ஏறும்.

உப்பு, எல்லாம் சேர்த்து, நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். வீட்டில் அளக்கும்போது 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. அடுத்த முறை வரும்போது அந்த அளவுகளை எழுதிக் கொண்டுவந்தால், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று சேர்ந்தே முடிவெடுக்கலாம்.