கொலைகாரன் தப்பட்டும் என்று மனம் ஏன் கேட்கிறது?

களுவாஞ்சிகுடியில் இருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். லண்டனில் இருக்கும் சின்னம்மா ஊருக்கு வரும்போதெல்லாம் தான் வாசித்து முடித்த ஆங்கில நாவல்களைக் கொண்டுவந்து கொடுப்பாராம். பெரும்பாலும் கிழக்கு லண்டனின் பாதாள உலகக் குடும்பங்களைப் பற்றிய தடித்த புத்தகங்கள். தகப்பன் கடைக்காரர்களிடம் கப்பம் வாங்குகிறவர், மூத்த மகன் கொலை செய்தவன், தாய் எல்லாம் தெரிந்தும் வாய் திறவாதவள். கதையில் பொலிஸ் வாசலுக்கு வந்தால் இவருக்கு நெஞ்சு படபடக்கிறதாம். அந்த மூத்தவன் எப்படியாவது தப்பிவிட வேண்டும் என்று நேர்த்தி வைக்காத குறையாக வாசிக்கிறாராம். நிஜத்தில் அப்படி ஒருவன் தெருவில் இருந்தால் தானே போய் முறைப்பாடு கொடுப்பேன் என்கிறார். அப்படியென்றால் வாசிக்கும்போது மட்டும் தனக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறார்.

விடையின் ஒரு பாதி உயிரியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டால் பரிவு நரம்புத் தொகுதி வேலை செய்யத் தொடங்கும், அதிரீனலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும். ஆபத்து தாளில்தான் இருக்கிறது என்பது தெரிந்திருந்தாலும் இது ஓரளவு நடக்கும். அப்புறம், அந்தப் பதற்றம் உடனே இறங்கிவிடுவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டுதானே இருக்கும். அந்த மிச்சச் சூடு அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்துகொள்வதால், கதாபாத்திரம் தப்பியதும் வரும் நிம்மதி இரண்டு மடங்காகத் தெரிகிறது. டோல்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் இதை ஆய்வுகூடத்தில் காட்டினார். டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒரு பேய்வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பூட்டிவிட்டுப் பார்த்தார்கள். பயம் மிகக் குறைந்தாலும் ரசனை இல்லை, மிகக் கூடினாலும் இல்லை, நடுவில்தான் இன்பம்.

சரி, இவ்வளவும் எந்தத் திகில் கதைக்கும் பொருந்தும். பேய்வீட்டுக்குள் போகிற யாரும் பேயின் பக்கம் சேர்வதில்லை. பாதாள உலகக் குடும்பக் கதையில் நாம் கொலைகாரனின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். அதற்குக் காரணம் அதிரீனலின் அல்ல. அந்தக் கதையில் இருக்கும் குடும்பம்தான்.

உறவுக்காக உயிரினங்கள் ஏன் தியாகம் செய்கின்றன என்பதைப் பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹமில்ட்டன் 1964இல் ஒரு சிறிய கணக்காக எழுதினார். உடன்பிறந்தவரோடு நமக்குப் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாக 1/2. மாமாவுக்கும் சகோதரியின் மகனான மருமகனுக்கும் 1/4. மாமாவின் மகனான மச்சானோடு 1/8. உதவியால் உறவுக்குக் கிடைக்கும் நன்மையை இந்தப் பங்கால் பெருக்கினால் வருவது, உதவுகிறவரின் இழப்பைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் குணம் பரிணாமத்தில் நிலைக்கும். ஹமில்ட்டனின் விதி எனப்படும் இந்தக் கணக்கை முன்பே அறிந்தவர்களுக்கு இதில் புதிது எதுவும் இல்லை. என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது அதற்கு அடுத்த கேள்வி. மரபணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்படியிருக்க, இவன் என் தம்பி, இவன் பக்கத்து வீட்டுப் பையன் என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது?

"அம்மா சொன்னார்" என்று விடை சொல்லிவிடலாம். ஆனால் பாசம் சொல் கேட்டு வருவதில்லை. டெப்ரா லீபர்மன், ஜோன் டூபி, லீடா கொஸ்மிடெஸ் ஆகிய மூவரும் 2007இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் திறந்து காட்டியது. மூளை இரண்டு அடையாளங்களைப் பார்க்கிறது என்றார்கள். முதலாவது, என் தாய் ஒரு பச்சைக் குழந்தையை மடியில் வைத்துப் பராமரிப்பதை நான் கண்டது. மூத்த பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும். அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஒன்றாக இருந்தோம் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. ஆனால் இளையவருக்கு இந்த வழி கிடையாது. அக்கா பிறந்ததைத் தங்கை பார்த்திருக்க முடியாதே! அதனால் இளையவரின் மூளை இரண்டாவது அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே பெற்றோரின் கையால் வளர்ந்த வருடங்கள் எத்தனை? அந்த வருடங்கள் கூடக்கூட, அந்த ஆளுக்காக எதையும் செய்யும் மனமும் கூடுகிறது. மூளை மரபணுவைப் படிப்பதில்லை. தொட்டிலையும் சோற்றுக்கோப்பையையும் பார்த்தே கணக்குப் போடுகிறது.

இப்போது அந்த நாவல்களின் முதல் நூறு பக்கங்களை எடுத்துப் பாருங்கள். கொலை பெரும்பாலும் முதலில் வருவதில்லை, வந்தாலும் முன்னோட்டமாக ஒரு பக்கம்தான். அதன்பின் கதை பின்னோக்கிப் போகும். தாய் கைக்குழந்தையோடு மழையில் நிற்பாள். மூன்று பிள்ளைகள் ஒரே கட்டிலில் படுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வரும், கலியாணம் வரும், செத்தவீடு வரும், திரும்பவும் சாப்பாடு வரும். உறவைக் கண்டுபிடிக்க மூளை பார்க்கும் அந்த இரண்டு அடையாளங்களையும் நாவல் பக்கம் பக்கமாக ஊட்டிக்கொண்டே போகிறது. யாரும் அந்த ஆய்வைப் படித்துவிட்டு நாவல் எழுதவில்லை. ஆனால் கதைசொல்லிகள் தலைமுறை தலைமுறையாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்த வழி இதுவே என்பது என் எண்ணம். முதல் கொலை நடக்கும்போது வாசகி அந்த வீட்டில் ஒருத்தியாகிவிட்டிருப்பாள்.

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு இது இன்னும் கிட்டத்தில் வரும். கிழக்கு லண்டன் நாவல்களில் குடும்பத்தின் நடு நாற்காலி தாயினுடையது. அதற்கு நிஜ முன்மாதிரியும் உண்டு. 1969இல் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற குரே இரட்டையர்களின் சாம்ராச்சியம், பெத்னல் கிரீனில் வலன்ஸ் வீதி 178ஆம் இலக்கத்தில், தாய் வயலட்டின் சிறிய வீட்டைச் சுற்றியே இருந்தது. ரொனி குரே 1995இல் இறந்தபோது சவ ஊர்வலத்தைப் பார்க்க வீதியோரங்களில் பெருங்கூட்டம் நின்றது. நமது பகுதியிலும் வீடு பெண்பிள்ளைக்கு எழுதப்படுகிறது, மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வருகிறார், அக்கா தங்கைகள் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருக்கிறார்கள். தாயின் அடுப்படியில் முடிவுகள் எடுக்கப்படும் ஒரு வீட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உறவாகிவிட்ட பிறகு என்ன நடக்கிறது? இதற்கு 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு விடை தருகிறது. ஆரன் வைட்மன், ஈதன் குரோஸ் முதலியவர்கள் செய்தது: 10 பரிசோதனைகள், 2,847 பேர். ஒருவர் குற்றம் செய்வதை நீங்கள் கண்டுவிட்டீர்கள், பொலிஸ் வந்து கேட்டால் காட்டிக்கொடுப்பீர்களா? குற்றவாளி தூரத்து ஆள் என்றால் பலர் காட்டிக்கொடுப்போம் என்றார்கள். நெருங்கியவர் என்றால் காப்பாற்றுவோம் என்றார்கள். இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராதது என்னவென்றால், குற்றம் பெரிதாகப் பெரிதாக நெருங்கியவரைக் காப்பாற்றும் போக்கு தளரவில்லை. பாரதூரமான குற்றங்களில்தான் தூரத்து ஆளுக்கும் சொந்த ஆளுக்கும் நாம் காட்டும் வேறுபாடு மிகப் பெரிதாக விரிந்தது. ஆண், பெண் வேறுபாடில்லை. அரசியல் கொள்கையும் இதை மாற்றவில்லை.

காப்பாற்றுவோம் என்றவர்கள் அதற்குச் சொன்ன நியாயம் இன்னும் அழகு. அவனை நாங்களே கண்டித்துக்கொள்வோம் என்றார்கள். நமது ஊரில் "வீட்டு விசயத்தை வீட்டுக்குள்ள பார்த்துக்கொள்ளுவம்" என்று சொல்வதும் இதேதான். பாதாள உலகக் குடும்பத்தின் சட்டப்புத்தகம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. பொலிஸுக்குச் சொல்வதில்லை, தவறு செய்த தம்பியைத் தகப்பனே கூப்பிட்டு விசாரிப்பார். அதிலிருந்து ஒன்று எனக்குத் தெளிவாகிறது. அந்த நாவல்கள் நமக்கு வேற்றுக்கிரகத்து அறம் எதையும் காட்டவில்லை. நாம் எல்லோரும் சிறிய அளவில் வைத்திருக்கும் ஒன்றை, அது எங்கே போய் முடியுமோ அந்த எல்லை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டுகின்றன. உறவு ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம் என்று இரண்டும் இழுக்கும்போது வரும் அந்த வலிதான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. நிஜ வாழ்க்கையில் அந்த வலியைப் பரீட்சித்துப் பார்க்க யாரும் விரும்புவதில்லை. கதையில் யாருக்கும் காயமில்லாமல் பார்க்கலாம்.

அதே ஆய்வில் ஒரு மாற்றுவழியும் கிடைத்தது. தன்னை வெளியே நிறுத்தி, மூன்றாம் ஆளாக இருந்து யோசிக்கச் சொன்னால், பாரதூரமான குற்றங்களில் இந்தக் காப்பாற்றும் வேகம் குறைந்தது. நல்ல நாவலாசிரியர்கள் இதையும் அறிவார்கள். கடைசிப் பகுதியில் திடீரென்று கொலையுண்டவனின் தாயின் வீட்டுக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கேயும் ஒரு அடுப்படி இருக்கும். அந்த அத்தியாயம் இல்லாத நாவலை நான் குறைபட்ட நாவல் என்றே நினைக்கிறேன். அது வாசகியின் அன்பை வாங்கிக்கொண்டு, அதற்கு விலை கேட்காமல் விட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வீட்டில் மகாபாரதம் வாசித்தால் வீட்டுக்குள் சண்டை வரும் என்ற நம்பிக்கைக்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. பங்காளிச் சண்டையின் மிகப் பெரிய கதை அது. கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழாவாக அதே கதையை வனவாசம், தவநிலை, தீமிதிப்பு என்று ஊரே கூடி நடத்துகிறது. அதனால் பாண்டிருப்பில் பங்காளிச் சண்டை பெருகவில்லை. புனைகதை வாசிப்பு மற்றவரின் மனதை உணரும் திறனைச் சிறிதளவு கூட்டுகிறது என்று 14 பரிசோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சிறிதளவுதான், அதற்கு மேல் உரிமை கொண்டாட வேண்டாம். ஆனால் கெடுக்கும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை.

எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் உள்ள இடம் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் மேற்கு நாடுகளில் நடந்தவை. உளவியல் ஆய்வுகள் உலகின் ஒரு சிறு மூலையை மட்டும் அளந்துவிட்டு மனித இனம் முழுவதையும் பற்றிப் பேசுகின்றன என்று ஜோசப் ஹென்ரிக்கும் நண்பர்களும் 2010இல் எழுதினார்கள். 2004இல் சுனாமியையும் 2009 வரை யுத்தத்தையும் கண்ட மக்களுக்குத் தாளில் வரும் பயம் எப்படி இருக்கும் என்று யார் அளந்தார்கள்? வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கேட்பதற்கு மாணவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் மனித மனத்துக்கு ஒரு சிறு பங்காவது வர வேண்டும்.

அப்படிப் பணம் வந்தால் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனையை நானே சொல்கிறேன். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இதைச் செய்யலாம், அதில் நமது இடம் ஒன்று. இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியாக வருகிறது. பெரியம்மாவின் மகன் என் குடி, எனக்கு அண்ணன். மாமாவின் மகன் வேறு குடி, எனக்கு மச்சான். மரபணுக் கணக்கில் இருவரும் 1/8, ஒரு துளி வித்தியாசம் இல்லை. பெரியம்மா பக்கத்து வளவில் இருப்பதால் அந்த அண்ணனோடு சேர்ந்து சாப்பிட்டு வளர்ந்திருப்பேன். மாமா கலியாணம் முடித்து மாமியின் ஊருக்குப் போயிருப்பார். மூன்றாவதாக, ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த சின்னம்மாவின் மகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனும் 1/8, அவனும் என் குடி, ஆனால் ஒரு நாள்கூட ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. பொலிஸ் வந்து கேட்டால் மூவரில் யாரைக் காட்டிக்கொடுப்பீர்கள் என்று காரைதீவிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் சில நூறு பேரிடம் கேட்க வேண்டும். மூவருக்கும் ஒரே விடை வந்தால் மரபணுக் கணக்கு நேரடியாக வேலை செய்கிறது. ரொறன்ரோக்காரனும் அண்ணனும் ஒரு பக்கம் நின்றால் குடி பேசுகிறது. அண்ணன் மட்டும் தனியாகக் காப்பாற்றப்பட்டால், சோற்றுக்கோப்பை பேசுகிறது. என் ஊகம் மூன்றாவது. இதைச் செய்ய மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரம் தேவையில்லை, வினாத்தாளும் பஸ் காசும் போதும்.