ஏசி 20ல இருந்தும் ஏன் பிசுபிசுங்குது?

டெல்லி முனிர்கா ஏரியால இருக்கற ஒருத்தர் கேட்டிருந்தார்: "மே மாசம் கூலர் போட்டாலே போதும் சார், ஜூலைல ஏசிய 20ல வெச்சாலும் பிசுபிசுங்குது, ஆனா போர்வையும் வேண்டியிருக்கு, இது என்ன கொடுமை?" டெல்லி ஜூலைய பாத்தவங்களுக்கு இந்த கேள்வி புரியும்.

கூலர் நம்ம மண்பானை கதைதான், தண்ணி ஆவியாகறப்போ சூட்ட எடுத்துட்டு போகும், டெல்லி ஜூலை மாதிரி மழைக்காலத்துல காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வேலைக்காகாது. ஏசி கதைதான் சுவாரசியம். உள்ள ஜில்லுனு இருக்கற குழாய்ச் சுருள் (காயில்) மேல, கூல்டிரிங்க் பாட்டில் மேல படியற மாதிரி ஈரம் படிஞ்சு சொட்டும். பால்கனி பைப்புல வழியுதே அந்த ஒரு லிட்டர் தண்ணி, அத ஆவிலேர்ந்து தண்ணியாக்க ஏசி வெளிய தள்ளுற சூடு இருக்கே, அதே ஒரு லிட்டர் குழாய்த்தண்ணிய கொதிநிலைக்கு கொண்டுவர ஆகறத விட கிட்டத்தட்ட எட்டு மடங்கு! பாதி கரண்ட் எங்க போகுதுன்னு இப்ப புரியுதா. ஆனா சாதாரண ஏசிக்கு ஈரம் கண்ணுக்கே தெரியாது, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் டெம்பரேச்சர்தான். 24ல வெச்சிருந்தா, ரூம் 24 ஆச்சுன்னா கம்ப்ரசர் நின்னுடும், ஃபேன் மட்டும் ஓடும், அப்போ காயில் மேல ஒட்டியிருக்கற தண்ணி திரும்ப ஆவியாகி ரூமுக்குள்ளயே வரும்! கஷ்டப்பட்டு புடிச்சத அதுவே திருப்பி குடுக்குது. பிசுபிசுப்பு போகலியேன்னு நாம 20க்கு இறக்கறோம், அப்புறம் போர்வை தேடறோம்.

இந்த ஈரப் பிரச்சனைக்கும் சேர்த்து ஒரு போட்டி வெச்சாங்க, அதோட கதை இது. 2015ல பாரிஸ்ல 20 நாடுங்க சேர்ந்து, கிளீன் எனர்ஜி ஆராய்ச்சிக்கு குடுக்கற பணத்த அஞ்சு வருஷத்துல டபுள் பண்றோம்னு மிஷன் இன்னொவேஷன் ஆரம்பிச்சாங்க. (மேடைல டபுள்னு சொல்றது ஈஸி, முதல்ல லேப்ல இருக்கற பசங்களுக்கு ஃபெலோஷிப் மாசாமாசம் வரட்டும்னு நான் சொல்வேன்.) எனக்கு புடிச்சது அதுலேர்ந்து வந்த குளோபல் கூலிங் பிரைஸ்ங்கற புது ஏசி போட்டி, நம்ம அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்காவோட ஆர்.எம்.ஐ.ங்கற எனர்ஜி ஆராய்ச்சி அமைப்பும் கூட சேர்ந்து 2018 நவம்பர்ல டெல்லிலயே அறிவிச்சாங்க. சூழல் பாதிப்பு வழக்கமான ஏசில அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கணும், ரூம் 27 டிகிரிய தாண்டக்கூடாது, ஈரப்பதமும் 60 சதவீதத்த தாண்டக்கூடாது. அந்த கடைசி கண்டிஷன்தான் ஆட்டத்தையே மாத்துச்சு, எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாள், அதுல நம்ம ஜூலையும் ஒரு கேள்வி.

2021 ஏப்ரல்ல ஜப்பானோட டைகினும் சீனாவோட க்ரீயும் ஜெயிச்சாங்க. க்ரீ பண்ணது சோலார் பேனலோட, கம்ப்ரசரையும் தண்ணி ஆவியாக்கற முறையையும் சேர்த்தது, அதாவது மே மாசத்து கூலர் புத்தியும் ஜூலை மாசத்து ஏசி புத்தியும் ஒரே பெட்டிக்குள்ள.

முனிர்காக்காரரே, அந்த மாதிரி ஏசி நம்ம வீட்டுக்கு வர்ற வரைக்கும் ரிமோட்ல சொட்டு படம் போட்ட, ஈரத்த குறைக்கற டிரை மோட தட்டிப் பாருங்க. எங்க வீட்டுல அந்த பட்டன் எதுக்குன்னு நாலு வருஷம் யாருக்குமே தெரியாது.