அக்சில் பூட் கிழிந்தால் நாளை என்று விடாதீர்கள்

மாரி முடிந்த கையோடு வடமராட்சி கிழக்கிலிருந்து ஓர் ஏ.டி.வி.யை, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டியை, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். "திருப்பும்போது மட்டும் டக் டக் என்று சத்தம் வருகிறது, ரயரைப் பாருங்கள் அண்ணா" என்றார் உரிமையாளர். ரயரில் ஒரு குறையும் இல்லை. முன் சக்கரத்தின் உட்புற றிம்மில் கறுப்புக் கிறீஸ் சிதறி, அதன்மேல் மணல் அப்பிக் காய்ந்திருந்தது. துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"எப்போது கிழிந்தது?"

"மாரிக்கு முன்னரே கண்டேன். ஓடுகிறதுதானே என்று விட்டுவிட்டேன்."

ஓடத்தான் செய்யும். அதுதான் ஆபத்து. அக்சிலைச் சக்கரத்தோடு இணைப்பது வெளி ஜொயின்ற். அதை மூடியிருப்பதுதான் இந்தப் பூட். ஜொயின்ற்றுக்குள் வளைந்த தடங்களில் ஆறு உருக்குக் குண்டுகள் உருள்கின்றன. 1920களில் போர்ட் நிறுவனப் பொறியியலாளர் அல்பிரட் ரெப்பா உருவாக்கிய அமைப்பு இது. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சுழலும் வேகம் மாறாது. அந்தக் குண்டுகளுக்கு உயிர் கிறீஸ். கிறீஸுக்குக் காவல் பூட். பூட் கிழிந்தால் கிறீஸ் வெளியே வீசப்படுகிறது, மணல் உள்ளே போகிறது. மிஞ்சிய கிறீஸும் மணற்காட்டுப் பொடிமணலும் சேர்ந்தால் அம்மியில் இட்டு அரைப்பது போலத்தான். நான் திறந்தபோது தடங்களில் குழி விழுந்திருந்தது. கிறீஸ் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது.

ஏ.டி.வி. நம் ஊரில் அரிது. ஆனால் முன்சக்கர இழுவையுள்ள அல்ற்றோ, வகன் ஆர், விற்ஸ் கார்களிலும் இதே ஜொயின்ற்தான் இருக்கிறது. தீவுப்பகுதிக்குப் போய் வருகிறவர்களும் பனங்காணி ஒழுங்கைகளில் ஓடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பனை மட்டையின் கருக்கு ரப்பரை அரிவாள் போலக் கீறிவிடும். அடிப்பக்கத்துக்குத் துருப் பிடிக்காமல் டீசல் அடிக்கும் பழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. டீசல் நாளடைவில் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சத்தம் வந்தால் பெரும்பாலும் ஜொயின்ற் போய்விட்டது. மாதம் ஒருமுறை ஸ்ரியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி வைத்து, ரோர்ச் அடித்து, பூட்டின் மடிப்புகளுக்கு உள்ளே பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும்.

பழுதுபார்ப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. ஜொயின்ற்றைக் கழற்றி, பழைய கிறீஸை ஒரு பொட்டும் மிஞ்சாமல் கழுவி, நன்றாக உலரவிட்டு, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய கிறீஸின் மேல் புதியதை அப்பி மூடுவது மணலை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். புதிய ரப்பர் பூட்டுடன் வரும் மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸை முழுவதுமாகப் போடுங்கள். வீட்டில் கிடக்கும் சாதாரணக் கிறீஸ் வேண்டாம். ஜொயின்ற்றை அக்சிலில் பிடித்து வைக்கும் வட்டக் கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். பூட்டைச் சுற்றிக் கட்டும் பட்டியை இறுக்குமுன் அதற்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். அக்சில் நட்டை அந்த வண்டிக்குரிய அளவில் இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் கொண்டே இறுக்க வேண்டும். நெடுக்காகப் பிளந்து வரும் புதிய பூட்டைச் சுற்றி ஒட்டிப் போடும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. வழியில் நின்றுவிட்டவருக்கு மட்டும் அது உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜொயின்ற் உடைந்தால் சாதாரணக் காரில் இழுவை முழுவதும் போய்விடும். ஓட்டோமற்றிக் கார் 'பி' (பார்க்) கியரில் நின்றாலும் உருளும். அப்படி நின்றால் முதலில் கைப்பிறேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

அந்த ஏ.டி.வி.க்கு முன் ஜொயின்ற்றையே புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். பின் இடப்பக்கப் பூட்டில் ஒரு துண்டுக் கருக்கு குத்திக்கொண்டு நின்றது. உள்ளே கிறீஸ் இன்னும் சுத்தமாக இருந்தது. பூட்டை அன்றே மாற்றினோம். அந்தப் பின்பக்கத்துப் பழைய ஜொயின்ற் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.