"சேஃப்டி டிவைஸ் இருக்கு சார், விழாது!"

கட்டுமானம் நடக்கும் உயரக் கட்டடங்களில் ஆள் ஏற்றும் ஹாய்ஸ்டுகளை, அதாவது தற்காலிக லிஃப்டுகளை, பரிசோதிப்பது என் தொழில். அண்மையில் ஒரு சைட்டில் மாஸ்டை (கூண்டு ஏறி இறங்கும் இரும்புத் தூண்; துண்டு துண்டாக, அதாவது செக்‌ஷன்களாக, அடுக்கியது) உயர்த்தி, புதிதாகச் செக்‌ஷன் ஏற்றியிருந்தார்கள். செக்‌ஷனுக்கு நாலு போல்ட். ஒன்று இல்லவே இல்லை. இன்னொன்று இருந்தது, நட்டு இல்லாமல் சும்மா செருகி வைத்த மாதிரி. கேஜோ, அதாவது ஆள் நிற்கும் கூண்டோ, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னதும் சைட் இன்ஜினியர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: "சேஃப்டி டிவைஸ் இருக்கு சார். போன மாசம்தான் டிராப் டெஸ்ட் பண்ணோம். விழாது."

படித்தவர், அனுபவம் உள்ளவர் சொல்கிற பேச்சு இது. அவர் மட்டுமல்ல, போகிற இடமெல்லாம் இதையேதான் கேட்கிறேன்.

பெரிய சைட்டுகளில் இப்போது ஓடும் பேசஞ்சர் ஹாய்ஸ்ட், ரோப்பில் தொங்குகிற லிஃப்ட் அல்ல. மாஸ்டின் பக்கவாட்டில் ரேக் (பல் வைத்த நீளமான இரும்புப் பட்டை) இருக்கும். மோட்டாரின் பினியன் (சின்னப் பல்சக்கரம்) அதன் பல்லில் மாட்டி ஏறும். சேஃப்டி டிவைஸுக்கும் ஒரு பினியன் உண்டு, அதுவும் அதே ரேக்கில்தான். பிரேக் விட்டுப்போய்க் கேஜ் வேகமெடுத்தால் அது இறுகி நிறுத்திவிடும். நல்ல சாதனம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பிடித்து நிற்பது மாஸ்டை. மாஸ்டே முறிந்தால் எதைப் பிடிக்கும்? பனையே சாயும்போது பனையேறியின் பிடி எவ்வளவு இறுகி என்ன? கேஜும் மாஸ்டும் சேர்ந்தேதான் தரைக்கு வரும்.

டிராப் டெஸ்ட் எப்படிச் செய்கிறோம்? கேஜில் ஆள் இல்லாமல் எடையை வைத்து, தரையிலிருந்து கொஞ்ச உயரம் ஏற்றி, வெளியே நின்று பிரேக்கை விடுவிக்கிறோம். டிவைஸ் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். அவ்வளவுதான். முப்பதாவது மாடிக்கு நேரே இருக்கிற இணைப்பில் போல்ட் இருக்கிறதா என்பது அந்தச் சான்றிதழுக்குத் தெரியாது.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்குச் சில சம்பவங்கள். 2012 செப்டம்பர் 13, சீனாவின் வூஹான். சுமார் 100 மீட்டர் உயரத்திலிருந்து கேஜ் விழுந்து, உள்ளே இருந்த 19 பேரும் இறந்தார்கள். ஏற்ற வேண்டியது 12 பேரைத்தான் என்பதால் 'ஓவர்லோடு' என்று எல்லோரும் முடித்துவிடுவார்கள். ஓவர்லோடு குற்றம்தான். ஆனால் விசாரணையில் தெரியவந்தது வேறு: 66, 67ஆவது செக்‌ஷன்கள் சேரும் இடத்தில் நாலு போல்ட்டில் இரண்டுதான் பிடித்திருந்தன. 2019 ஏப்ரல் 25, அதே நாட்டின் ஹெங்ஷுய் நகரம்: 16, 17ஆவது செக்‌ஷன் இணைப்பில் இரண்டு போல்ட் போடவே இல்லை. 11 பேர் இறந்தார்கள். 'அங்கே அப்படித்தான்' என்பவர்களுக்கு: 2023 டிசம்பர் 11, ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் 5 பேர் இறந்தார்கள். அங்கேயும் மாஸ்ட் இணைப்பில் போல்ட் இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" என்பது அடுத்த கேள்வி. ஓடும். கேஜ் அந்த இணைப்புக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு மேலே இருக்கிற இரும்பின் எடை மட்டும்தான் அதன் மேல் இருக்கும். போல்ட் இல்லாமலேகூட நிற்கும். கேஜ் அதைத் தாண்டி மேலே போனதும் கதை மாறுகிறது. கேஜ் மாஸ்டின் ஒரு பக்கத்தில் தொங்குகிறது. மாஸ்டைத் தன் பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. எதிர்ப்பக்கத்துப் போல்ட்டுகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவை இல்லையென்றால் இணைப்பு வாய் பிளக்கும். மேல் மாடியில் வேலை தொடங்காதவரை அந்த இணைப்பைத் தாண்டி யாரும் போயிருக்க மாட்டார்கள். அதனால்தான் நேற்று நன்றாக ஓடியது.

ஆகவே, மாஸ்ட் உயர்த்திய நாள்தான் ஆபத்தான நாள். அன்றைக்கே கேஜின் மேல்தளத்தில் நின்று, இன்ஸ்பெக்‌ஷன் மோடில் மெதுவாக ஏறி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கிய போல்ட்டில் நட்டையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். வால் டை (மாஸ்டைக் கட்டடத்தோடு பிணைக்கும் இரும்புச் சட்டம்) சுவரில் சரியாக மாட்டியிருக்கிறதா, கடைசி டைக்கு மேலே மாஸ்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கம்பெனிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஆள் இல்லாமல் எடையோடு ஒரு ஓட்டம் விடுங்கள். பொறுப்பானவர் கையெழுத்துப் போடும்வரை சாவி ஆபரேட்டரிடம் போகக் கூடாது. இருட்டிவிட்டது, மீதிப் போல்ட்டை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றால், மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். 'ஏறாதீங்க' என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

மெட்டீரியல் ஹாய்ஸ்ட் பற்றி இரண்டு வார்த்தை. வின்ச்சும் ரோப்பும் உள்ள அந்தத் திறந்த பிளாட்ஃபாரம் செங்கலுக்கும் மணலுக்கும். ஆளுக்கு இல்லை. "சும்மா ரெண்டு மாடிதானே" என்று மேஸ்திரி சொன்னாலும் இல்லை. ஆனால் இருபது மாடி படியேறச் சொல்லிவிட்டுச் சித்தாளைத் திட்டுவதில் நியாயமில்லை. பேசஞ்சர் ஹாய்ஸ்ட் வைக்காதவர்களைத்தான் திட்ட வேண்டும்.

மாடிதோறும் கேஜுக்கு ஏறும் இடத்தில் இருக்கிற லேண்டிங் கேட்டின் லிமிட் ஸ்விட்சைக் கட்டுக்கம்பியால் கட்டி வைக்கிற புத்திசாலிகளே, கேட் திறந்திருந்தால் கேஜ் நகரக் கூடாது என்பதற்காகத்தான் அது இருக்கிறது. கேஜ் எங்கே வருகிறது என்று தலையை நீட்டிப் பார்த்து அடிபடுகிறவர் உங்கள் ஆள்தான். அந்தக் கம்பியை இன்றைக்கே வெட்டுங்கள்.

தொழிலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாஸ்ட் உயர்த்தினார்கள் என்று தெரிந்தால், மறுநாள் காலை ஏறுவதற்கு முன், "செக் பண்ணியாச்சா அண்ணே?" என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் படியேறுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளுக்குத் தமிழில் எழுதிய போர்டு புரியாது. அவர்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள்.