தொண்டைக்குள் ஸ்கோப் விட்டுப் பார்த்தால் பில்லில் ஏன் ‘சர்ஜரி’ என்று வருகிறது?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. “குரல் கம்மியிருக்குன்னு இ.என்.டி. டாக்டர்கிட்ட போனேன். மூக்கு வழியா மெல்லிசா ஒரு ஸ்கோப் விட்டுப் பார்த்தார். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. இன்ஷூரன்ஸ் பேப்பர்ல சர்ஜரின்னு போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?”

பெரும்பாலும் இல்லை. அமெரிக்க கிளினிக்குகளுக்காகச் சென்னையில் உட்கார்ந்து இ.என்.டி. சார்ட் ஆடிட் செய்பவள், அதாவது டாக்டர் எழுதிய குறிப்பும் பில்லில் போன கோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன். அங்கே டாக்டர் செய்யும் வேலைகளுக்கு சிபிடி என்ற ஐந்து இலக்கக் கோட் போடுவார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் அந்தப் புத்தகத்தில், வளையும் ஸ்கோப்பால் குரல்வளையைப் பார்ப்பதற்கான 31575 சர்ஜரி பகுதியில்தான் இருக்கிறது. கத்தியே படாவிட்டாலும் அதன் இடம் அதுதான். இதனால் சில இன்ஷூரன்ஸ் பிளான்களில் அது கோபேயோடு (விசிட்டுக்கு நாம் கட்டும் நிலையான தொகை) முடியாமல் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) கணக்கில் போய்விடுகிறது. கைக்காசு கரைவது அங்கேதான். அப்பாயிண்ட்மெண்டுக்கு முன்பே இன்ஷூரன்ஸுக்கு போன் போட்டு, “31575 செய்தால் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று நம்பரைச் சொல்லியே கேட்டுவிடுங்கள்.

பில்லுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். குரல் கம்மல் நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்க இ.என்.டி. மருத்துவர்கள் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். வேறு பெரிய காரணம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

சரி, கோட் தப்பாகப் போவது எங்கே? கண்ணாடி வைத்துப் பார்த்தால் 31505. வளையும் ஸ்கோப் என்றால் 31575. ‘டைரக்ட்’ லாரிங்கோஸ்கோப்பி, அதாவது குரல்வளையை நேரடியாகப் பார்ப்பது, 31525. அது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக வளையாத கருவியை விட்டுச் செய்வது. டாக்டர் சார்ட்டில், “ஃபிளெக்ஸிபிள் ஸ்கோப் வலது மூக்கு வழியாகச் செலுத்தப்பட்டது, குரல் நாண்கள் டைரக்ட் விஷுவலைசேஷனில் நன்றாக அசைகின்றன” என்று எழுதியிருப்பார். சார்ட்டைப் படித்துக் கோட் போடும் புதுக் கோடர் கண்ணில் ‘டைரக்ட்’ மட்டும் படும். உடனே 31525! எந்தக் கருவி, எந்த வழி என்று பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வராது. ஆடிட்டில் நான் முதலில் தேடுவதும் அந்த ஒரு வரியைத்தான்.

விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குரல் நாண் அதிர்வைப் பார்க்கும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி 31579-உம் அப்படித்தான். ஸ்ட்ரோப் ஒளியில் பார்த்ததும், குரல் நாண் அதிர்வில் என்ன தெரிந்தது என்பதும் சார்ட்டில் இருக்க வேண்டும். கருவி அறையில் இருந்தது என்பதற்காகப் பில் போட முடியாது. ஸ்கோப் மூக்கு வழியாகத்தானே போனது என்று மூக்கு எண்டோஸ்கோப்பி 31231-ஐயும் சேர்த்துப் போடுவது இன்னொரு பழக்கம். மூக்கு இங்கே வெறும் வழி. தனிக் காசு கிடையாது. மரத்துப்போக அடிக்கும் ஸ்பிரேவும் 31575-க்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்புறம் விசிட் கோடோடு சேர்த்துப் போடும் மாடிஃபையர் 25 என்ற குறியீடு. அன்றைக்கே டாக்டர் கன்சல்டேஷனும் தனியாகச் செய்திருந்தால்தான் அதைப் போட்டு இரண்டுக்கும் பணம் கேட்கலாம். போன தடவையே முடிவாகி, இந்த முறை ஸ்கோப்புக்காக மட்டும் வந்தவருக்கு விசிட் சார்ஜ் போடுவது சரியில்லை.

எனக்குக் கோபம் வரும் இடம் நோய்க் கோட். ‘புற்றுநோயா என்று பார்க்க வேண்டும்’ என்று டாக்டர் எழுதியிருப்பதை வைத்துப் புற்றுநோய்க் கோடையே போட்டுவிடுகிறார்கள். நோய்க் கோட்கள் இருக்கும் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் வெளிநோயாளிகளுக்கு விதி தெளிவு: சந்தேகத்துக்குக் கோட் கிடையாது, அறிகுறியைப் போடு. குரல் கம்மலுக்கு ஆர்49.0 இருக்கிறது. பரிசோதனையில் குரல் நாண் முடிச்சு தெரிந்தால் ஜே38.2, அப்போது ஆர்49.0 தேவையில்லை. தப்பாகப் போட்டால் இன்ஷூரன்ஸ் பணம் தர மறுப்பது (டினையல்) ஒருபுறம் இருக்கட்டும், இல்லாத புற்றுநோய் அந்த மனிதரின் ரெக்கார்டில் ஏறிவிடுகிறது.

பில் இடிக்கிறது என்றால் கோட் வாரியாகப் பிரித்த பில்லையும் அன்றைய சார்ட் நோட்டையும் கேட்டு வாங்குங்கள். நோயாளிகளின் மருத்துவத் தகவல்கள் பற்றிய அமெரிக்காவின் ஹிப்பா சட்டப்படி ரெக்கார்டைப் பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு 2022 முதல் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது; பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். பில்லிங் ஆபீஸில் பேசும்போது “ரொம்ப அதிகம்” என்று மட்டும் சொன்னால் தவணைத் திட்டம்தான் நீட்டுவார்கள். “31525 போட்டிருக்கிறீர்கள், எனக்கு கிளினிக்கில் மூக்கு வழியாகத்தான் பார்த்தார்கள், கோடிங் ரிவ்யூ வேண்டும்” என்று சொல்லுங்கள். அப்போது அந்தச் சார்ட்டை யாராவது ஒரு ஆடிட்டர் திறந்து படித்தே ஆக வேண்டும்.